இருபத்தேழு விடைத்தாள்களில் ஒரே வரி

கைபேசி என்றாலே எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் நியாயம் கேட்டு வரக் கூடாது. முஸ்தகானிம் என்கிற எங்கள் கடற்கரை ஊரில், எங்கள் பள்ளியில் பத்தொன்பது வருடமாகத் தத்துவம் சொல்லித் தருகிறேன். என் வகுப்பு வாசலில் ஒரு மரப்பலகை தொங்கும். அதில் முப்பது குழி. உள்ளே வருகிறவர்கள் தங்கள் கைபேசியை அதில் வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பிள்ளைகள் அதற்குப் புறாக்கூடு என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்துக்கொள்ளட்டும். எனக்கும் அவர்கள் ஏதோ பெயர் வைத்திருப்பார்கள், அதைக் கேட்டு எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

வாயை மூடு, புத்தகத்தைத் திற, கேள்வி கடைசி ஐந்து நிமிடம். என் வகுப்பில் சட்டம் அவ்வளவுதான்.

சென்ற வருடம் எனக்கு வாய்த்தது இலக்கியப் பிரிவு, இறுதி வகுப்பு, இருபத்தேழு பேர். அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. முந்தைய பிள்ளைகளை அடக்கி அடக்கி என் தொண்டை போனது. இவர்களை அடக்கவே வேண்டியிருக்கவில்லை. இடைவேளையில் முற்றத்து மர நிழலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், எல்லாத் தலையும் குனிந்திருக்கும், ஒருவர் வாயும் அசையாது. திடீரென்று இருபத்தேழு பேரும் ஒரே நொடியில் சிரிப்பார்கள். பிறகு மறுபடியும் அமைதி. பக்கத்தில் இருப்பவளிடம் அழிரப்பர் கேட்கக்கூட செய்தி அனுப்புகிற பிள்ளைகள். முதல் மாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டாவது மாதம் அந்த மரத்தடிப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டேன்.

ஜனவரியில் ஆசிரியர் வேலைநிறுத்தம் மூன்று வாரம் இழுத்தது. பக்கலோரியா என்கிற பள்ளி இறுதித் தேர்வுக்கு நான்கே மாதம் பாக்கி, பாடத்தில் பாதிகூட முடியவில்லை. தலைமையாசிரியர் லக்தர் என்னைக் கூப்பிட்டார், 'சி லக்தர்' என்றுதான் மரியாதையாகச் சொல்வோம்.

"ஹூரியா மேடம், கோவப்படாதீங்க. மத்த டீச்சருங்க எல்லாம் குரல் பதிவா அனுப்பிடுறாங்க. வகுப்புக்குன்னு ஒரு குழு இருக்கு, அதுல போட்டா பசங்க கேட்டுக்குவாங்க."

"நான் என்ன ரேடியோவா சி லக்தர்?"

"ரேடியோவா இருந்தா மூடிடலாமே மேடம்" என்றார் அந்த மனிதர், சிரிக்காமல்.

வகுப்பில் நான் கேட்டபோது முதல் பெஞ்சு நிஹெல் மட்டும் வாயைத் திறந்தாள். மீனவர் வீட்டுப் பெண், நல்ல மூளை, ஆனால் வருடம் முழுக்க அவள் பேசியதை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். "அனுப்புங்க மேடம். பஸ்ஸுல கேட்டுக்கிட்டே வருவோம், கேட்டுக்கிட்டே தூங்கிடுவோம். மனசுல பதிஞ்சிடும்" என்றாள்.

எங்கள் நாட்டில் தத்துவத் தாளை யாரும் யோசித்து எழுதுவதில்லை. பன்னிரண்டு கட்டுரைகளை மனப்பாடம் செய்து, வருகிற தலைப்புக்கு ஏற்றதைக் கொட்டிவிட்டு வருவார்கள். அதைத் திட்டித்தான் நான் ஒவ்வொரு வருடமும் பாடத்தை ஆரம்பிப்பேன், ஒவ்வொரு வருடமும் பன்னிரண்டு கட்டுரைகளை நானேதான் எழுதியும் கொடுப்பேன். அந்த வருடம் படித்துப் பதிவு செய்து கொடுத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாலைத் தொழுகை முடித்து நான்கு மணி வாக்கில் சமையலறை மேசையில் உட்காருவேன். கைபேசியை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு வாசிப்பேன். வீட்டில் நான் ஒருத்திதான். கணவர் இறந்து ஆறு வருடம். மகன் ஸோஃபியான் இரண்டு வருடம் முன்னால், அவனும் தேர்வு எழுத வேண்டிய வருடத்தில், படகேறிப் போய்விட்டான். ஸ்பெயின் கரைக்குப் போகிறேன் என்று எங்கள் கடற்கரையிலிருந்து பிள்ளைகள் போகிறார்களே, அப்படி. பதினோரு பேர் ஒரு படகில். அதற்குப் பிறகு ஒருவரிடமிருந்தும் தகவல் இல்லை. நான் பள்ளியிலிருந்து திரும்பி வந்தபோது வீடு காலியாக இருந்தது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

மார்ச்சில் மாதிரித் தேர்வு வைத்தேன். விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோது ஒரு பையனின் கட்டுரை இப்படிப் போயிற்று: "நினைவு என்பது கடந்த காலத்தை மீட்டெடுக்கும் ஆற்றலாகும், ஐயோ காபி பொங்குது, ஆகவே அது மனிதனின் அடிப்படை இயல்புகளுள் ஒன்று." அடுத்த தாளிலும் காபி பொங்கியது. ஒன்பது தாள்களில் பொங்கியது. ஒருத்தி என் இருமலைக்கூட எழுதியிருந்தாள், "க்ஹும்" என்று. ஆசிரியர் அறையில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை அன்றுதான் பலரும் பார்த்தார்கள். வகுப்பில் சிரிக்கவில்லை.

"மண்டையில என்ன இருக்கு உங்களுக்கு? காபி என்ன தத்துவமா? எழுதும்போது கண்ணு எங்க போச்சு?"

பின் பெஞ்சு அப்துர்ரஸாக் மெதுவாகச் சொன்னான். "எழுதுறப்போ தெரியல மேடம். உங்க குரல் ஓடிட்டே இருந்துச்சு, கை அது பின்னாடியே போயிடுச்சு."

அந்த வாரமே பன்னிரண்டு கட்டுரைகளையும் முதலிலிருந்து மறுபடி பதிவு செய்தேன். ஜன்னலைச் சாத்தினேன். அடுப்பை அணைத்தேன். தொண்டையைச் சரி செய்துகொண்டு, ஒரு மூச்சில், ஒரு சத்தமும் நடுவில் வராமல் வாசித்தேன். அந்தப் பதிவுகளில் என் குரலைத் தவிர வேறொன்றும் கிடையாது. அதை நான் யார் தலையிலடித்தும் சத்தியம் செய்வேன்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிற்று. நான் கரும்பலகையிலிருந்து திரும்பினால் இருபத்தேழு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். திட்டியதற்குப் பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பெருநாளுக்கு நிஹெல் ஒரு தட்டு நிறைய மக்ரூத் கொண்டுவந்து கொடுத்தாள், பேரீச்சம்பழம் வைத்த இனிப்பு.

"இவ்வளவு எதுக்கு?" என்றேன்.

"ரெண்டு பேருக்கு மேடம்."

"நான் ஒருத்திதான் இருக்கேன்னு தெரியாதா உனக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "மன்னிச்சிடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரலில் ஒரு நாள், பாடத்தின் நடுவில், அப்துர்ரஸாக் எழுந்து நின்றான். "மேடம், ஒண்ணு கேக்கலாமா? உங்க வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

யா ரப்பி, எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஆசிரியையின் வீட்டு விஷயம் இவனுக்கு எதற்கு? "வெளிய போ" என்றேன். அவன் போனான். போகும்போது புறாக்கூட்டிலிருந்து கைபேசியை எடுக்கவே மறந்துவிட்டான். இருபத்தாறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் வந்தது. தேர்வு நடக்கிற மணிகளில் நாடு முழுக்க இணையத்தைத் துண்டித்துவிடுவார்கள், வருடா வருடம் நடப்பதுதான். வங்கியும் ஓடாது, டாக்ஸியைக் கூப்பிடவும் வழியில்லை, மூன்று மணி நேரத்துக்கு எல்லோரும் ஒருவரையொருவர் முகம் பார்த்துத்தான் பேசியாக வேண்டும். எனக்குப் பிடித்த நாட்கள் அவை. தேர்வுக்கூட வாசலிலேயே கைபேசிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள், உடம்பில் கருவியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். யாராவது அதையும் மீறி மாட்டினால் ஐந்து வருடம் தேர்வு எழுதத் தடை.

தத்துவத் தாள் முடிந்து வெளியே வந்ததும் நிஹெல் எனக்குக் குழுவில் எழுதியிருந்தாள்: "நினைவு வந்துச்சு மேடம்! எல்லாரும் நல்லா எழுதியிருக்கோம்." நினைவு பற்றிய கட்டுரைதான் என் பன்னிரண்டில் மிகச் சிறந்தது. அன்று கடைக்குப் போய் எனக்காக ஒரு கிலோ செர்ரி வாங்கிவந்து ஒரே உட்காரலில் தின்றேன்.

பன்னிரண்டு நாள் கழித்து சி லக்தர் கூப்பிட்டார். குரலே சரியில்லை. போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஹூரியா மேடம், உங்க வகுப்பு இருபத்தேழு பேரோட ரிசல்ட்டையும் நிறுத்தி வச்சிருக்காங்க."

"ஏன்?"

"திருத்துற இடத்துல கண்டுபிடிச்சிருக்காங்க. பசங்க ரெண்டு அறையில உக்காந்து எழுதியிருக்காங்க, இணையம் கிடையாது, போன் கிடையாது. ஆனா இருபத்தேழு தாள்லயும் ஒரே இடத்துல ஒரே வரி. கட்டுரைக்குச் சம்பந்தமே இல்லாத வரி. வெளியிலிருந்து எவனோ ஏதோ கருவி வழியா சொல்லியிருக்கான்னு சொல்றாங்க. அஞ்சு வருஷம் மேடம், அத்தனை பேருக்கும்."

"காபி பொங்கியிருக்கும்" என்று சிரிக்கப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளின் நகலை என் பக்கம் தள்ளினார். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தது.

"நினைவு தனிமனிதனுக்குள் மட்டும் தங்குவதில்லை, அவனைச் சுற்றியுள்ளோரும் அதைச் சுமக்கின்றனர். சாவியத் திருப்பும்மா, கை வெறச்சுப் போச்சு. ஆகவே நினைவை ஒரு சமூக நிகழ்வாகவே கருத வேண்டும்."

நாற்காலியின் கையை நான் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. சி லக்தர் தண்ணீர் ஊற்றினார். நான் குடிக்கவில்லை.

அந்த வரி யாருடையது என்று எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த வரி அது.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது வீடு காலியாக இல்லை. ஸோஃபியான் படிக்காமல் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தான். பிடுங்கினேன். அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவன் கோபித்துக்கொண்டு வெளியே போனான். பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கதவு திறக்காது என்று பின்னாலேயே கத்தினேன். பிப்ரவரி மாதம், மழை. மக்ரிப் தொழுகைக்கு அழைப்பு முடிந்த கையோடு வாசல் கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினேன். அரை மணி கழித்து வந்து தட்டினான். நான் சமையலறை மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முதலில் சத்தமாகத் தட்டினான். பிறகு மெதுவாக. பிறகு கதவில் வாயை வைத்து, சின்ன வயதில் கூப்பிடுவானே அந்தக் குரலில், அந்த வரியைச் சொன்னான். ஒரு தாள் முடியட்டும், கொஞ்சம் புத்தி வரட்டும் என்று இருந்தேன். ஒரு தாள் முடிந்து இன்னொரு தாள் எடுத்தேன். திறந்து பார்த்தபோது படியில் தண்ணீர் மட்டும் தேங்கியிருந்தது. மாமா வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். மறுநாள் விடியலில் படகு போயிருக்கிறது. அவன் கைபேசி என் அலமாரியில் இருந்தது, கடலிலிருந்து அவன் யாரைக் கூப்பிட்டிருக்க முடியும்?

இதை நான் என் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவைப் போட்டேன். பதினோரு நிமிடம். என் குரல் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. ஏழாவது நிமிடம் நாற்பதாவது நொடியில், "அதைச் சுமக்கின்றனர்" என்பதற்குப் பிறகு, நான்கு நொடி ஒன்றுமில்லை. பிறகு "ஆகவே" என்று தொடர்கிறேன். அங்கே நான் நிறுத்தியதாக எனக்கு நினைவே இல்லை. காதில் வைத்து அழுத்திக் கேட்டேன். பெரிய ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டேன். ஒன்றுமில்லை. நான்கு நொடி வெறும் அமைதி.

மறு வாரம் கல்வி அலுவலகத்தில் விசாரணை. விசாரணைக் குழுவில் இரண்டு பேர்: பென்னஸர் என்று ஒரு ஆய்வாளர், தேர்வுத் துறையிலிருந்து வந்த ஃபதீலா என்ற அம்மாள். வெளியே தாழ்வாரத்தில் இருபத்தேழு பேரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். கைபேசியை வாசலிலேயே வாங்கிவிட்டார்கள் போல, எல்லோருடைய கையும் வெறுமையாக இருந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். நிஹெலின் கண் வீங்கியிருந்தது.

"அஞ்சு வருஷம்னா எனக்கு இருபத்திமூணு ஆயிடும் மேடம். எங்கப்பா அதுவரைக்கும் காத்திருப்பாரா? எவன் தலையிலயாவது கட்டிடுவாரு" என்றாள்.

"வாயை மூடு, ஒண்ணும் ஆகாது" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

உள்ளே நான் மார்ச் மாதத்துக் காபித் தாள்களைக் காட்டினேன். குரல் பதிவைக் கேட்டு மனப்பாடம் செய்கிறார்கள், பதிவில் இருக்கும் சத்தத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள் என்று விளக்கினேன். பென்னஸர் தலையாட்டினார். நல்ல மனிதர்தான், ஆனால் தாளில் இருப்பதை மட்டும் நம்புகிற ஜாதி. பதிவைப் போடச் சொன்னார். போட்டேன். ஏழு நிமிடம் நாற்பது நொடி. நான்கு நொடி அமைதி.

"எங்க மேடம் அந்த வரி?"

"பிள்ளைங்களுக்குக் கேக்குது சார்."

ஃபதீலா அம்மாள் பேனாவை வைத்தாள். "நல்ல கதை. எங்களுக்குக் கேக்காது, அதுங்களுக்கு மட்டும் கேக்குமா?"

"ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பாருங்க" என்றேன். அந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கேட்காமலிருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன், வல்லாஹி.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள், கைபேசித் திரை தெரியாதபடி. அந்த வரி வரும்போது கையைத் தூக்கு, அவ்வளவுதான் கட்டளை. முதலில் நிஹெல். ஏழாவது நிமிடம் ஓடியது. நாற்பதாவது நொடியில் அவள் கை எழுந்தது. "ஆகவே" வந்ததும் இறங்கியது. முடித்தவர்களைப் பின்வாசல் வழியாக அனுப்பினார்கள், வெளியே நிற்பவர்களிடம் எதுவும் சொல்ல முடியாதபடி. இரண்டாவது பையன். கை எழுந்தது, இறங்கியது. பத்தாவது ஆளுக்கு ஃபதீலா அம்மாள் தந்திரம் செய்தாள், பதிவை நடுவிலிருந்து ஓடவிட்டாள். அதே இடத்தில் கை எழுந்தது. பதினைந்தாவது ஆளுக்குப் பிறகு அவள் தன் சால்வையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். அறையில் மின்விசிறிகூட இல்லை, ஜூலை மாதம்.

இருபத்தேழாவது அப்துர்ரஸாக். கையைத் தூக்கினான். இறக்கியபின் சுவரைப் பார்த்தபடியே கேட்டான்: "நான் போகலாமா சார்? இத இன்னொரு தடவை கேக்க முடியல."

அவன் போனபிறகு பென்னஸர் பதிவை நிறுத்தினார்.

"மேடம், பதிவுல ஏதோ இருக்குன்னு ஒத்துக்கிறேன். வயசானா சில சத்தம் காதுல விழாதுன்னு சொல்வாங்க, இருக்கலாம். ஆனா நான் அறிக்கையில என்ன எழுதுறது? யாரோ ஒருத்தரோட குரல், யாருன்னு தெரியாதுன்னு எழுதினா, வெளியாள் சதின்னுதான் மேல எடுத்துப்பாங்க. அது யார் குரல்? உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது, மறைக்க மாட்டேன். இரண்டரை வருடமாகச் சொல்லிப் பழகிய பொய், ஒரு முறை கூடுதலாகச் சொல்வதில் என்ன கஷ்டம்? பின்வாசலுக்கு வெளியே ஒரு பெண் பிள்ளை மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"என் மகன் குரல்" என்றேன்.

"அப்போ மகன் வீட்ல இருந்தாரா?"

"இல்ல. வெளிய நின்னான். நான் பூட்டி வச்சிருந்தேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, மழை, ஒரு தாள் முடித்து இன்னொரு தாள் எடுத்தது, படியில் தேங்கிய தண்ணீர். எந்த வருடம் எந்த மாதம் என்பதையும் சொன்னேன். பதிவு செய்தது இந்த வருடம் மார்ச் என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் குரல் வகுப்பில் பாடம் நடத்துகிற குரலாகவே இருந்தது, அதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

ஃபதீலா அம்மாள் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். பென்னஸர் ஒரு வரி எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். எனக்கு வாசித்துக் காட்டினார்: "ஆசிரியையின் வீட்டுச் சத்தம் பாடப் பதிவில் கலந்துள்ளது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துள்ளனர். முறைகேடு இல்லை." தேதியைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை.

வெளியே வந்து, தாழ்வாரத்தில் மறுபடி கூடியிருந்த பிள்ளைகளிடம் சொன்னதும் அவர்கள் கத்தவில்லை, குதிக்கவில்லை. ஒருவர் தோளை ஒருவர் தொட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் கைபேசியை வாங்க வாசலுக்குப் போனபோது நிஹெல் மட்டும் நின்றாள்.

"மேடம், அது உங்க மகன்தானே?"

"எப்படித் தெரியும்?"

"அம்மான்னு கூப்பிடுறாரே." வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அந்த ஒரு பதிவுல மட்டும் இல்ல மேடம். பன்னிரண்டுலயும் இருக்காரு. நினைவுக் கட்டுரைதான் தேர்வுல வந்துச்சு, அதனால அது மட்டும் வெளிய தெரிஞ்சுது."

தாழ்வாரத்துச் சுவர் சில்லென்று என் முதுகில் பட்டது. நான் பின்னால் நகர்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஏண்டி யாரும் என்கிட்ட சொல்லல?"

"அப்துர்ரஸாக் கேட்டான், வெளிய அனுப்பிட்டீங்க." அவள் குரலில் குத்தல் இல்லை, நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். "நீங்க இல்லாம எங்களுக்குன்னு தனியா ஒரு குழு இருக்கு மேடம். அதுக்குப் பேரே 'கதவு'ன்னு வச்சிருக்கோம். தினமும் அதைத்தான் பேசுவோம். முதல்ல உங்க மகன் திரும்பி வந்துட்டாரு, நீங்க வெளிய சொல்லாம வச்சிருக்கீங்கன்னு நெனச்சோம். அதான் பெருநாளுக்கு ரெண்டு பேருக்குக் கொண்டுவந்தேன். அப்புறம், ஒவ்வொரு பதிவுலயும் அவர் பாட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு, நீங்க பாட்டுக்குப் பாடம் எடுத்துக்கிட்டே இருக்கீங்க. மேடம் ஏன் கதவத் தொறக்க மாட்டேங்குறாங்கன்னு எங்களுக்குப் புரியவே இல்ல. சில பொண்ணுங்க கேட்டுட்டு அழுவாங்க."

இருபத்தேழு பேர் மூன்று மாதமாகத் தினமும் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நான்கு அடி தள்ளி, கரும்பலகையின் முன்னால், நான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

"பன்னிரண்டாவதுல" என்றேன். "கடைசிப் பதிவுல என்ன சொல்றான்?"

நிஹெல் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

"சொல்லு நிஹெல். நான் கேக்குறேன்ல?"

"கடைசியில கேக்கறத விட்டுடுறாரு மேடம். 'சரிம்மா, நீ பாடத்த முடி'ன்னு மட்டும் சொல்றாரு."

அவள் அப்பா கீழே வண்டியில் காத்திருந்தார். அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டு இறங்கி ஓடினாள்.

வீட்டுக்கு வந்தேன். நான்கு மணி. வாசல் கதவைத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி அம்மிக்கல் அளவுக் கல்லொன்றை முட்டுக் கொடுத்தேன். சாவியைக் கழற்றி மேசையில் வைத்தேன். அலமாரியிலிருந்து அவன் கைபேசியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன், எப்போதும் மின்னேற்றியே வைத்திருப்பேன். என் கைபேசியை சர்க்கரை டப்பாவில் சாய்த்துப் புதிதாக ஒரு பதிவைத் தொடங்கினேன். பதினோரு நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு பாட நேரம் முழுக்க நான் சும்மா இருந்தது அன்றுதான். தெருவில் யாரோ ஒரு பெண் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டாள். என் காதுக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

அந்தப் பதிவை வகுப்புக் குழுவில் அனுப்பினேன். கீழே எழுதினேன்: "கேட்டுச் சொல்லுங்க. என்ன கேக்குது?"

கேட்டுவிட்டார்கள் என்ற அடையாளம் ஒவ்வொன்றாக வந்தது. பதினோரு நிமிடம் ஆயிற்று, இருபது ஆயிற்று. ஒருவரும் எதுவும் எழுதவில்லை. இந்த நேரத்தில் அந்தக் 'கதவு' குழுவில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. யார் யாரைச் சம்மதிக்க வைத்தார்கள், யார் அழுதார்கள், அதுவும் தெரியாது.

வெளிச்சம் குறைந்து படியில் நிழல் விழுந்தபோது மேசையில் என் கைபேசி அதிர்ந்தது. நிஹெல். அதன் மேலேயே அப்துர்ரஸாக். பிறகு மற்றவர்கள், நிற்காமல், ஒன்றன்பின் ஒன்றாக. நான் எண்ணினேன். இருபத்தேழு பதில். ஒரு எழுத்துகூட மாறாமல் எல்லோரும் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்கள்.

"ஒண்ணும் கேக்கல மேடம்."